தீபாவளிப் பரிசு: எதைக் கடையில் எடுப்பது, எதைக் கைப்பேசியில் வாங்குவது

முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். பொருள்களின் பட்டியல் அல்ல, ஆட்களின் பட்டியல். தலை தீபாவளிக்கு வரும் மகள், மாப்பிள்ளை, சம்பந்தி வீடு, அண்ணன் குழந்தைகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அடுக்ககக் காவலாளி, எதிர்வீட்டு மாமி, அமெரிக்காவில் இருக்கும் தம்பி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன கொடுக்கத் தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். எங்கே வாங்குவது என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். தி.நகர் மலிவா, ஆன்லைன் மலிவா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒரே வீட்டில், ஒரே தீபாவளிக்கு, இரண்டு வழிக்கும் வேலை இருக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளிமையானது. விரலும் கண்ணும் மூக்கும் சொன்னால்தான் தரம் தெரியும் என்றால் அதைக் கடையில் வாங்க வேண்டும். ஒரு மாடல் எண்ணும் இரண்டு அளவுகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால் இணையத்தில் வாங்கலாம். பட்டுச் சேலை முதல் வகை, மிக்ஸி இரண்டாவது வகை. விலை வித்தியாசத்தை அதன் பிறகு பார்த்தால் போதும்.

பட்டு

காஞ்சிபுரம் பட்டை ஒளிப்படத்தில் பார்த்து வாங்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. படத்தில் தெரிவது நிறமும் வடிவமும் மட்டும். கையில் எடுத்தால்தான் கனம் தெரியும். மடிப்பைப் பிரித்துத் தோளில் போட்டால்தான் எப்படி விழுகிறது என்று தெரியும். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையில், இரண்டும் சேரும் இடத்தைப் பின்புறம் திருப்பிப் பாருங்கள். சாதாரண கரை போட்ட சேலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது, விலையில் பெரும் பகுதியும் அங்கேதான் போகிறது.

அடுத்தது ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குத் தங்க முலாம் இட்டது. டெஸ்டட் ஜரிகை, ஹாஃப் ஃபைன் ஜரிகை என்று கடைக்காரர்களே பெயர் சொல்லி விற்கும் மற்ற வகைகளும் உண்டு. அவற்றை வாங்குவதில் தவறில்லை. அசல் விலையைக் கொடுத்துவிட்டு அவற்றை வாங்குவதுதான் தவறு. “இது எந்த ஜரிகை?” என்று கேளுங்கள், அந்தப் பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சேலையை மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. ஜரிகைக்கும் நெசவுக்கும் அது பொறுப்பல்ல. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இருந்தும், விசைத்தறிச் சேலைகள் அந்தப் பெயரில் இணையத்தில் தாராளமாக விற்கின்றன. சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி மணிபோல் கெட்டியாகும்.

இன்னொன்று, கடை விளக்கில் நிறத்தை நம்பாதீர்கள். “வாசல் வெளிச்சத்துல பாக்கலாமா?” என்று கேட்பது பழைய சென்னைப் பழக்கம். நல்ல கடைகளில் யாரும் முகம் சுளிப்பதில்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ போன்ற நிறங்கள் குழல்விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும்.

பனகல் பூங்காவைச் சுற்றிய கடைகளின் பெரிய வசதி, நடந்து போகும் தூரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது. 1928 முதல் இருக்கும் நல்லியில் பார்த்ததைக் குமரனில் வைத்துப் பார்க்கலாம், திருநெல்வேலியிலிருந்து வந்த ஆர்.எம்.கே.வி.யிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த போத்தீஸிலும் விலை கேட்கலாம். உள்ளே போனதும் பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள். “அக்கா, என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?” என்று விற்பனைப் பெண் கேட்பது உங்களை எடை போட அல்ல. ஐம்பது சேலையைப் பிரித்து மறுபடியும் மடிக்கும் வேலை அவளுக்கு மிச்சமாகும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் வந்தபோது ரங்கநாதன் தெரு ஊழியர்களின் கால் வலியைத் தமிழ்நாடே பார்த்தது. கேரளத்தைத் தொடர்ந்து 2021-இல் தமிழ்நாடும், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்தது. நீங்கள் போகும் கடையில் அந்த நாற்காலி இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

பட்டு வேண்டாம், நல்ல கைத்தறி போதும் என்றால் கோ-ஆப்டெக்ஸுக்குப் போங்கள். 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி வழக்கமாக உண்டு. விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கும் தள்ளுபடி அல்ல அது. நெகமம், செட்டிநாடு கண்டாங்கி, கோவை கோரா, சின்னாளப்பட்டி என்று ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அடையாறுப் பக்கம் இருப்பவர்கள் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி தொடங்கி வைத்த நெசவுக்கூடத்துச் சேலைகளையும் பார்க்கலாம். எண்ணிக்கை குறைவு, ஆனால் ரசிக்கத் தெரிந்தவருக்குக் கொடுத்தால் முகம் மலரும்.

சேலை பரிசென்றால் பிளவுஸையும் கணக்கில் வையுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மயிலாப்பூர்த் தையற்கடைகளில் “இனிமே ஆர்டர் எடுக்கல” என்ற பலகை தொங்கும். பண்டிகையன்று உடுத்த வேண்டும் என்றால் சேலை ஒரு மாதம் முன்பே பரிசு பெறுபவர் கைக்குப் போக வேண்டும்.

வேட்டி, சட்டை, மோதிரம்

வேட்டிக்கு இவ்வளவு பாடு இல்லை. நாலு முழம், எட்டு முழம் என்று அளவு எழுதப்பட்ட பொருள் அது. நூல் ரகமும் கரை அகலமும் தெரிந்த பிராண்டாக இருந்தால் இணையத்தில் ஆர்டர் செய்யலாம். பஞ்சகச்சம் கட்டுகிறவருக்கு மட்டும் ஒன்பதைந்தா பத்தாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் எண் வேட்டியின் முழம், இரண்டாவது அங்கவஸ்திரத்தினுடையது. உயரமானவருக்கு ஒன்பதைந்து பற்றாது. மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் உயரத்தைச் சொன்னாலே சரியானதை எடுத்துப் போடுவார்கள்.

தைத்த சட்டையின் கதை வேறு. ஒரு பிராண்டின் 40, இன்னொரு பிராண்டின் 42-க்குச் சமமாக இருக்கும். வாங்கிக்கொள்பவர் முன்பு அணிந்த அதே பிராண்டாக இருந்தால் ஒழிய இணையத்தில் சட்டை பரிசு வாங்காதீர்கள்.

மாப்பிள்ளை மோதிரத்துக்கு விரல் அளவு வேண்டும், ஆகவே கடைதான். 2023 ஏப்ரல் 1 முதல் நகைகளில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் தங்கத்தின் தரமும் ஹால்மார்க் செய்த மையமும் தெரியும். கடையிலேயே நின்று தட்டிப் பாருங்கள். இணைய நகைக்கடைகளின் விலை கவர்ச்சியாக இருந்தால், செய்கூலியும் சேதாரமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

தி.நகருக்குப் போகும் நாள்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடுங்கள். உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் காவல்துறை கண்காணிப்புக் கோபுரம் அமைக்கிற நாட்கள் அவை. வார நாளில், கடை திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் போனால் விற்பனையாளருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் இருக்கும். காரை மறந்துவிடுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளும் சாலைகளை நெருக்குகின்றன. புறநகர் ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால், 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேடை உங்களை ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் தி.நகர் பேருந்து நிலையம் வரை கொண்டுவிடும். வயதானவர்களுக்கு அது பெரிய உபகாரம். பாண்டி பஜாரில் 2019-இல் அமைந்த அகலமான நடைபாதையில் உட்கார்ந்து ஓய்வெடுக்க இடம் இருக்கிறது. அதனால் பெரியவர்களை அழைத்துப் போனால் அந்தப் பக்கத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். பெரிய கடையின் மேல்மாடிக்குப் போனதும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள், லிஃப்டை அல்ல. 2008-இல் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் பிடித்த தீ இரண்டு ஊழியர்களின் உயிரைக் குடித்தது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பல மாடி ஜவுளிக்கடை பற்றி எரிந்து, பிறகு கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. விடியற்காலை என்பதால் உள்ளே வாடிக்கையாளர்கள் இல்லை. தீபாவளி மாலையில் அதே கடையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் இந்த அறிவுரையை அலட்சியம் செய்ய மாட்டீர்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அக்டோபர் நடுவிலேயே தீபாவளி வந்துவிட்டால் கடைக்குப் போவது சுலபம். 2026-இல் போல நவம்பர் 8 என்றால், மழை விட்ட நாளைப் பார்த்துக் காத்திருக்காமல் செப்டம்பரிலேயே துணி எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் டெலிவரியும் தாமதமாகும் என்பதால் இணையமும் கைகொடுக்காது.

மயிலாப்பூர்

மாட வீதிகளுக்கு நான் அனுப்புவது சின்னப் பரிசுகளுக்கு: எதிர்வீட்டு மாமிக்கு, நவராத்திரிக்கு அழைத்தவருக்கு, பாட்டுக் கற்கும் பெண்ணுக்கு. கிரி டிரேடிங்கில் புத்தகமும் பூஜைப் பொருளும், சுக்ராவில் நடன நகைகளும், லஸ் பக்கம் வெள்ளிக் குங்குமச் சிமிழும் கிடைக்கும். பித்தளை விளக்கை இணையத்தில் வாங்கும்போது படத்தில் குத்துவிளக்காகத் தெரிவது வீட்டுக்கு வரும்போது உள்ளங்கையில் அடங்கும். உயரத்தையும் கிராம் எடையையும் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். வீதியில் வாங்கினால் தராசே சொல்லிவிடும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு பரிசு தீபாவளி லேகியம். கச்சேரி சாலை டப்பா செட்டிக் கடையில் லேகியமாகவும் வாங்கலாம், வீட்டில் கிளற மருந்துச் சரக்காகவும் வாங்கலாம். சரக்குப் பொட்டலத்தை வயதான பெரியம்மாவுக்குக் கொண்டு போய்க் கொடுத்துப் பாருங்கள், எந்தப் பரிசுப் பெட்டிக்கும் கிடைக்காத வரவேற்பு கிடைக்கும். அடையாறிலிருந்து வருகிறவர்கள் கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் லஸ்ஸுக்கு நடந்துவிடலாம்.

கைப்பேசியில்

மிக்ஸி, குக்கர், இயர்போன், புத்தகம், குழந்தைகளின் கட்டுமான விளையாட்டுப் பெட்டி: இவற்றுக்கு இணையம் மேல். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்றவற்றின் பெரிய விற்பனை நவராத்திரியை ஒட்டித் தொடங்கிவிடும். அதற்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் விலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்துக் காட்டும் எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டால் எல்லாமே லாபமாகத் தெரியும். உங்கள் படத்தோடு ஒப்பிட்டால் உண்மையான குறைவு எவ்வளவு என்று புரியும். பிறகு அதே மாடல் எண்ணை வசந்த் அண்ட் கோவிலோ வேறு கடையிலோ போய்க் கேளுங்கள். இணைய விலையைக் காட்டினால் இறங்கி வரும் கடைகள் உண்டு. வீட்டில் வந்து பொருத்தித் தருவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதை நம்பித் தொகையை ஏற்றாதீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் கார்டில் ஏறும்.

“இன்னும் 2 மட்டுமே இருக்கிறது”, “9 நிமிடத்தில் முடிகிறது” என்று அவசரப்படுத்தும் பொய் அறிவிப்புகள், கேட்காமலே கூடையில் சேர்ந்துவிடும் இன்ஷூரன்ஸ், கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கட்டணம் ஆகியவற்றை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. மொத்தம் 13 வகைத் தந்திரங்களை அவை பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. தடை இருந்தும் பல செயலிகளில் இவை இன்னும் உள்ளன. பணம் கட்டும் முன் கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படிப்பதுதான் பாதுகாப்பு.

பலரும் கவனிக்காமல் விடுவது மாற்றித் தரும் காலக்கெடு. பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள். அது பொருள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நவராத்திரி விற்பனையில் வாங்கிய மிக்ஸியைத் தீபாவளியன்று மாப்பிள்ளை பிரிக்கும்போது கெடு முடிந்திருக்கும். பரிசென்று தாள் சுற்றி வைக்காமல், வந்த அன்றே பிரித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் சுற்றி வையுங்கள்.

இனிப்பும் பட்டாசும்

இனிப்பைக் கடையில் நின்று வாங்குங்கள். அடையாறு காந்தி நகரின் கிராண்ட் ஸ்வீட்ஸ் ஆனாலும், உங்கள் தெரு முனைக் கடை ஆனாலும், உதிரி இனிப்புத் தட்டின் முன் எந்த நாள் வரை உண்ணலாம் என்று எழுதியிருக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது நாடு முழுவதும் விதி. அட்டைப் பெட்டியின் எடையை இனிப்பின் எடையோடு சேர்த்து நிறுக்கக் கூடாது. வெற்றுப் பெட்டியை முதலில் தராசில் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள். வெளியூர் போகும் பெட்டிக்கு நெய்யும் பருப்பும் சேர்ந்தவை தாங்கும். பால் இனிப்பு வேண்டாம். பத்து நிமிட டெலிவரிச் செயலிகள், கடைசி நேரத்தில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு உலர்பழப் பெட்டி வாங்க உதவும், அவ்வளவுதான்.

பட்டாசில் ஒப்பிடுவதற்கே இடமில்லை. இணையத்தில் பட்டாசு விற்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. சிவகாசி விலை, 80 சதவீதத் தள்ளுபடி என்று வரும் தளங்களில் பணம் கட்டி, பெட்டி வராமல் போனவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தீவுத்திடலிலோ, உரிமம் பெற்ற பக்கத்துக் கடையிலோ, 1904 முதல் இயங்கும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் போன்ற கூட்டுறவு அங்காடிகளிலோ வாங்குங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் தொகையை முடக்க வாய்ப்பு அதிகம்.

கடல் தாண்டிப் போவதும் வருவதும்

அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவது இப்போது பழையபடி இல்லை. 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த சுங்க விலக்கை அந்த நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. அனுப்பும் முன் மயிலாப்பூர் அல்லது தி.நகர் தலைமை அஞ்சலகத்தில் அன்றைய விதியைக் கேளுங்கள். அங்கே போகும் உறவினர் பெட்டியில் ஒரு சேலைக்கு இடம் கேட்பது இன்றும் நல்ல வழி. தி.நகரின் பெரிய ஜவுளிக்கடைகளுக்குச் சொந்தத் தளங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான கடை, முன்பு கட்டிய ரகம் என்றால் தம்பி மனைவியே அங்கிருந்து தேர்ந்தெடுக்கட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தனியே இருக்கும் பெற்றோருக்கு ஆர்டர் செய்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: வியப்பில் ஆழ்த்துவதாக நினைத்துச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். என்ன வருகிறது, எந்த நாள், பணம் கட்டியாயிற்று என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். இல்லையென்றால், “உங்க பையன் அனுப்பினது” என்று சொல்லிப் பணம் கேட்கும் பொய்ப் பார்சலுக்கு அப்பா காசு கொடுத்துவிடுவார். ஓ.டி.பி. எண்ணைப் பொருள் கைக்கு வந்த பிறகே சொல்ல வேண்டும், முகவரி தவறு என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு

விற்பனையில் கட்டாக வாங்கிய மலிவுச் சேலையைக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வழவழப்பான அந்தச் சேலை வேலைக்கும் உதவாது, விசேஷத்துக்கும் உதவாது. “சேலையா, பணமாம்மா?” என்று ஒரு மாதம் முன்பே நேராகக் கேளுங்கள். சேலை என்றால் அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள் அல்லது தொகையைக் கையில் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைகளின் துணிக்கும் அந்தத் தொகை எட்ட வேண்டும். போனஸ் வேறு, பரிசு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போடாதீர்கள்.

பில்

கடையோ இணையமோ, பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்தாலும் பழுதுக்கு அது செல்லாது. நிறம் பிடிக்கவில்லை என்பது பழுதாகாது. அதற்குக் கடையின் மாற்றும் வழக்கம்தான் துணை. பண்டிகை வாரத்தில் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பில், ஆர்டர் எண், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.